நேரம் வீணாகும் தெரு

கருங்குழி
9 மார்ச் 2025

அண்ணா,

நம் தெருவை விற்றவன் நீ.

இதை நான் கேள்வியாக எழுதவில்லை. செங்கல்பட்டு சிறைக்கு வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் நிற்காது. அதனால்தான் வராமல் எழுதுகிறேன். உள்ளே வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகுதான் தருவார்களாம். படிக்கட்டும்.

போன மாதம் டிவியில் காட்டினார்கள். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை பங்களாவில் போலி கால் சென்டர், எட்டு இளைஞர்கள் கைது. முகத்தைத் துணியால் மூடி வேனில் ஏற்றினார்கள். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மூணாவது பையன் நடக்கறது நம்ம ஆல்வினாட்டமே கீது இல்ல?" என்றாள். பஹ்ரைனில் இருக்கிற மகனைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டோமே என்று உடனே வாயில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து உன் பெயரைச் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நம் தெருவுக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது லைன்மேன் சாலமோன் மாமாவுக்கு. டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம். வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். மிஸ்டர் ஆட்டுக்கால் சாலமோன் அவர்களா?"

"யாரு?"

"மிஸ்டர் ஆட்டுக்கால் சாலமோன். உங்கள் ஏடிஎம் கார்டு இன்றோடு முடக்கப்படுகிறது."

"முடக்கறது இருக்கட்டும் நைனா. பேங்க் புக்குல என் பேரு ஆட்டுக்கால்னா போட்டுக்கீது?"

"ஆமாம் சார். எங்கள் பதிவில் அப்படித்தான் இருக்கிறது."

"இனிஷியல் இன்னா போட்டுக்கீது? பாயாவா?"

டீக்கடையே உருண்டது. அவருடைய ஒல்லிக் காலுக்கு நீ வைத்த பெயர் அது. தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்தது உபதேசியார் தாவீது ஐயாவுக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். "மிஸ்டர் நீள ஜெபமா? உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்றான் ஒருவன் ஸ்பீக்கரில். ஐயா கோபப்படவில்லை. "தம்பி, இன்னா கஷ்டத்துல இப்டி பேசறீங்களோ. ஒரு ஜெபம் பண்ணலாமா?" என்று கண்ணை மூடிவிட்டார். ஆதாம் ஏவாளில் ஆரம்பித்து அவன் பெற்றோர், உடன்பிறந்தோர், அவன் சாப்பிடும் சாப்பாடு வரைக்கும் போனார். அவன் போனை வைக்கவே இல்லை. கடைசியில் அந்தப் பக்கமிருந்து தெளிவாக "ஆமென்" என்று கேட்டது. அப்புறம், "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க" என்றான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

நான் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டேன். 'நீள ஜெபம்' என்பது நீயும் நானும் வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட பெயர். உன் போனில் அவர் எண்ணை அப்படித்தான் போட்டு வைத்திருந்தாய். அன்றே நீ கொடுத்திருந்த புது நம்பருக்குச் செய்தி அனுப்பினேன். "பழைய போன் தொலைஞ்சுபோச்சு அரசி, எந்தத் திருடன் கையில கீதோ" என்று பதில் போட்டாய். நம்பினேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யாருக்கு வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், நான் ஸ்பீக்கர் போட்டுத் தருவேன். செங்கம்மா பெரியம்மாவைப் போல யாரும் ஆடவில்லை.

"மும்பை போலீஸ் பேசுகிறோம். நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள். கேமராவை விட்டு நகரக் கூடாது."

"கேமரா இல்ல சார். பட்டன் போனு."

"அப்படியானால் போனை வைக்கக் கூடாது. இருக்கிற இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது."

"சரி சார். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து குந்திக்கிறேன்."

"கூடாது!"

"நான் கேப்பேன் சார், மாடு கேக்காது. நீங்களே சொல்லிடுங்க" என்று போனை மாட்டின் காதில் வைத்தாள். மும்பை போலீஸ் மாட்டைக் கைது செய்துவிடுவதாக மிரட்டியது.

அப்படிப்பட்ட பெரியம்மாதான் ஜனவரியில் ஏமாந்தாள். பெரியப்பா ஷெட் கூரையிலிருந்து விழுந்து செத்ததற்குக் கொடுத்த பணம் மொத்தமும் போய்விட்டது. உள்ளே வேலை பார்த்த ஒருவன் வாய் திறந்து, நடத்தியது யாரென்று சொன்னால்தான் அந்த ஆள் வழக்கில் வருவான், பணம் போன வழியைப் பிடிக்கலாம் என்கிறார் இன்ஸ்பெக்டர். எட்டுப் பேரும் வாய் திறக்கவில்லையாம்.

உன் போனை யார் கையில் கொடுத்தாய்? பெயரைச் சொல்.

அன்பரசி


செங்கல்பட்டு
17 மார்ச் 2025

அரசிக்கு,

உன் எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. இங்கே கடிதம் படிக்கிறவர் பாவம்.

முதலில் ஒன்று. நான் எதையும் விற்கவில்லை. விற்றிருந்தால் கையில் டப்பு இருந்திருக்கும். பஹ்ரைன் என்று சொல்லித்தான் வேனில் ஏற்றினார்கள். மீனம்பாக்கம் போகவேண்டிய வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியதும்தான் எனக்கு விளங்கியது. அம்மா கம்மலை விற்று அனுப்பி வைத்தவன், மறுநாளே திரும்பிவந்து என்ன சொல்வேன்? உனக்கு அனுப்பிய கடல் படம் பஹ்ரைன் இல்லை. மாடியில் துணி காயப்போட விட்டபோது எடுத்தது. பின்னால் நம் ஊர் ஃபைபர் போட் நிற்பதை யாராவது பார்த்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அம்மா அதைக் கோயிலில் எல்லோருக்கும் காட்டினாளாமே.

போன் விஷயம். மறைமலைநகரில் உன் கம்பெனி கேட்டில் தினமும் போனை லாக்கரில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? இங்கேயும் பிளாஸ்டிக் கூடையில் வாங்கினார்கள். லாக்கைத் திறக்கும் நம்பரையும் எழுதி வாங்கினார்கள். வீட்டுக்குச் செய்தி அனுப்ப அவர்கள் போன் ஒன்றைத் தந்தார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவன் போனிலும் இருக்கிற ஆட்கள்தான் அவர்களுக்குச் சரக்கு. இது எனக்கு உள்ளே போன பிறகுதான் தெரியும். பெயர் கேட்கிறாய். பெயர் தெரியாது. எல்லோருமே எங்களுக்கு 'சார்'தான்.

நீங்கள் சிரித்ததை எழுதியிருக்கிறாய். நானும் உனக்குச் சிரிக்கச் சொல்கிறேன். மதுராந்தகத்தில் ஒருவர், கடன் தருகிறோம் என்று நாங்கள் கூப்பிட்டதை நம்பி, தினமும் காலையில் அவரே கூப்பிடுவார். "இன்னா தம்பி, லோனு பாஸாச்சா? ஆபீசாண்ட வரட்டுமா?" கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் அவருக்குப் பயந்து வேறு சீட்டுக்கு மாறினான். அச்சிறுபாக்கத்தில் ஒரு அம்மா, நாங்கள் யார் என்றே கேட்காமல் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். நாங்களாகப் போனை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பேச ஆள் கிடைக்காதவர்களுக்கெல்லாம் நாங்கள் வாய்த்தோம்.

சுவரில் ஒரு போர்டு இருந்தது. கூப்பிட்டுப் பயனில்லாத ஊர்களை அதில் எழுதுவார்கள். முதல் வரி: 'கருங்குழி சர்ச் தெரு, நேரம் வீண்.' அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். வீணாகிற அழைப்புக்குத் தண்டனை உண்டு. பகல் சோறு கிடையாது. உபதேசியாரிடம் மாட்டியவன் கலையரசன், செய்யூர் பையன். அவன் கிறிஸ்தவன் இல்லை. "எனக்காக ஒரு ஆளு இவ்ளோ நேரம் பேசனது இதான் மொத தடவ மச்சான்" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை. நீங்கள் கோயில் வாசலில் சிரித்த சிரிப்பு எங்களுக்கும் ஸ்பீக்கரில் கேட்டது.

பெரியம்மாவுக்கு நடந்ததைக் கேட்டு வருந்துகிறேன்.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

ஆல்வின்


கருங்குழி
26 மார்ச் 2025

அண்ணா,

'வருந்துகிறேன்.' தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று மின்வாரியம் போர்டு வைக்குமே, அந்த மாதிரி. எப்படி ஏமாந்தாள், எவ்வளவு போனது, இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒன்றும் கேட்கவில்லை. கலையரசன் பட்டினி கிடந்ததற்கு ஒரு பாரா. நம் அம்மாவின் கூடப்பிறந்த அக்காவுக்கு ஒரு வரி.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அழைத்தவன் உன் பெயரைச் சொன்னான். "நான் ஆல்வின் பேசறேன் பெரிம்மா, பஹ்ரைன்ல மாட்டிக்கினேன், பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிகினாங்க, நாளைக்குள்ள கட்டலன்னா உள்ள போட்டுடுவாங்க. அம்மா கிட்ட சொல்லாத, தாங்காது." பெரியம்மா எனக்குத்தான் முதலில் போன் அடித்திருக்கிறாள். என் போன் கம்பெனி கேட்டில் லாக்கரில் இருந்தது. அவள் அக்கவுண்ட் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, நொண்டிக்கொண்டே பேங்குக்குப் போய்க் கட்டிவிட்டு வந்துவிட்டாள். பெரியப்பா செத்த காசு என்று அந்தப் பணத்தை அவள் தொட்டதே இல்லை. தன் காலுக்கு வைத்தியம் பார்க்கக்கூட எடுக்காதவள்.

அந்தப் பணம் அவளிடம் இருப்பது தெருவுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? கொடுத்தவனுக்குத் தெரியும். வெங்கடேசனுக்கு.

பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். உன்னை பஹ்ரைனுக்கு அனுப்பியது யார்? வெங்கடேசன். கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்கிறவன். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான். பெரியப்பாவைக் கயிறு இல்லாமல் கூரையில் ஏற்றியதும் அவன்தான். அவன் அப்பா எல்லப்பனின் நிலத்தில்தான் அம்மாவும் பெரியம்மாவும் களை எடுத்தார்கள். பெரியப்பா செத்தபோது செக்கைப் பெரியம்மா கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டான். கொடுத்த பணம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவன், ஆள் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். ஆப்பிள் பையை அம்மா கையில் கொடுத்தான். "கவலப்படாத சரோஜா, நம்ம பையன். வக்கீல் வச்சிக்கீறேன். அவன் வாய மூடிகினு இருந்தா போதும்." அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அறுபது வயசு அம்மாவை அவன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவன் போகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். என் கையால்.

இப்போது முக்கியமானது. தெருவில் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. சாலமோன் மாமாவுக்கு ஒன்பது தடவை. செத்துப்போன பெரியப்பா நம்பருக்குக்கூட வந்தது. அம்மாவுக்கு ஒன்றுகூட வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேனே தவிர, என் போன் ஒருநாளும் அடிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை, தெரு கவனித்திருக்கிறது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி கேட்டாள்: "உங்க வூட்டுக்கு மட்டும் இன்னாடி சலுக?"

உள்ளே போன பிறகுதான் தெரியும் என்றாயே. அப்படியானால் எங்கள் இரண்டு பேர் எண்ணும் எப்படிக் காணாமல் போயின?

அன்பரசி


செங்கல்பட்டு
8 ஏப்ரல் 2025

அரசி,

அழித்தேன். வேனிலேயே அழித்தேன். ஏற்கெனவே அங்கே இருந்துவிட்டு லீவில் வந்தவன் ஒருவன் கூட வந்தான். என்ன செய்வார்கள் என்று சொல்லிவிட்டான். கூடை என்னிடம் வருவதற்குள் இரண்டு பெயரைத்தான் அழிக்க முடிந்தது. உன் பெயரையும் அம்மா பெயரையும். மூன்றாவதாகப் பெரியம்மா பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது கூடை வந்துவிட்டது. நம்பினால் நம்பு.

இது குற்றம் என்றால் இன்னொரு தடவையும் செய்வேன். எந்த அண்ணன் செய்யமாட்டான்?

நீயும் ஒன்றும் சுத்தமில்லை. அழைப்பு வந்தால் வைத்துவிடு என்று பெரியம்மாவுக்கு நீ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பேசு, பேசு, இன்னும் பேசு என்று சொல்லிக்கொடுத்தாய். உனக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது. தெரியாத எண்ணை எடுத்துப் பேச அவளைப் பழக்கியது நான் இல்லை.

எட்டுப் பேரில் ஆறு பேர் நம்மைப் போன்ற தெருக்காரர்கள். யாருக்கு வக்கீல் வந்தார்? கட்சிக்காரர்கள் வந்தார்களா? உபதேசியார் எனக்காக ஜெபம் பண்ணுவார், தெரியும். ஜெபத்தை வைத்து ஜாமீன் தர மாட்டார்கள். அந்த ஆள் ஒருவர்தான் வக்கீல் அனுப்பியிருக்கிறார். ஏன் அனுப்பியிருக்கிறார் என்று எனக்கும் தெரியும், நான் முட்டாள் இல்லை. நீ அவர் தயவில் வேலை பார்க்கிறாய். உன் சம்பளத்தில் அம்மா சாப்பிடுகிறாள். நான் வாய் திறந்த மறுநாள் நீ கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. அதை யோசித்தாயா? கடிதத்தில் பெயரெல்லாம் எழுதாதே. நீ பெரிய தைரியசாலி என்று யாரும் மெடல் தரப்போவதில்லை.

பெரியம்மாவிடம் பேசியது யாரென்று எனக்குத் தெரியாது. அங்கே எந்தக் குரலிலும் பேசுவார்கள். பழைய பேச்சு கொஞ்சம் கிடைத்தால் போதும், கம்ப்யூட்டரே அந்தக் குரலைப் போட்டுக் கொடுத்துவிடும். என் போனில் நான் பெரியம்மாவுக்குப் பேசி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துக்கூட இருந்தது.

அவ்வளவுதான்.

ஆல்வின்


கருங்குழி
21 ஏப்ரல் 2025

அண்ணா,

பெரியம்மாவிடம் பட்டன் போன். அதற்கு நீ எங்கே பேசி வாழ்த்து அனுப்பினாய்?

எனக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது என்று எழுதினாய். ஆமாம், வேண்டியிருந்தது. எட்டு மணிநேரம் நின்றுகொண்டே ரப்பர் வாஷரை எடுத்துப் போட்டுவிட்டு வருகிறவளுக்கு, பேங்க் மேனேஜர், போலீஸ், கஸ்டம்ஸ் என்று நம்மை உட்காரவும் சொல்லாத எல்லாரையும் ஒரு போனில் முட்டாளாக்க முடிந்தது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தது கலையரசனும் நீயும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் பெரியம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாதமாகக் கெஞ்சி அப்போதுதான் வந்தாள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "பேசுனது யாரு மாதிரி இருந்துச்சும்மா? தெரிஞ்ச குரலா?"

"யாரோ இந்திக்காரப் பசங்க சார். பாஷையே புரியல."

"பாஷை புரியாமலா அக்கவுண்ட் நம்பரைக் கையில எழுதினீங்க?"

"எனுக்கு வயசாயிடுச்சி சார்."

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னா பெரிம்மா இப்டி சொல்லிட்ட?"

"பின்ன இன்னா சொல்லணும்னு? அவன் வெளிய வர நேரம். நான் போயி அவன் பேர சொல்லி உள்ள தள்ளவா?"

"அது கம்ப்யூட்டர் குரலாம். அண்ணன் எழுதிக்கீது."

பஸ் ஸ்டாண்டில் உட்கார இடமில்லை. வீங்கின காலைத் தூக்கி ஒரு கல்லின்மேல் வைத்துக்கொண்டு சொன்னாள். "போன எடுத்தேன்டி. 'பெரிம்மா'ன்னான். நான் சிரிச்சேன். 'இன்னா சார், நேத்து மேடம்னீங்க, இன்னிக்கு பெரிம்மாவா?'ன்னேன். வச்சிடுவான்னு பாத்தேன். அவன் கேட்டான், 'கால் வீக்கம் இப்ப எப்டி கீது பெரிம்மா?' அத்தோட எனுக்கு சிரிப்பு போயிடுச்சி. கம்ப்யூட்டருக்கு என் காலு இன்னாத்துக்கு?"

ஒரு போன் பேச்சிலும் நீ அவள் காலை விசாரிக்காமல் இருந்ததில்லை. ஏமாற்றக் கூப்பிட்டபோதும் உன்னால் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. அதைக் கேட்டதால்தான் அவள் நம்பினாள். அடுத்த பேச்சிலேயே பணத்தைக் கேட்டாய்.

இது எல்லாமே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இன்ஸ்பெக்டரிடம் பொய் சொன்னாள். நேற்று ஈஸ்டருக்குக் கோயிலில் உன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திர காணிக்கை போட்டாள்.

நீ பயந்த விஷயம் நடந்துவிட்டது. நாங்கள் ஸ்டேஷனுக்குப் போன மறுநாளே என் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. "கான்ட்ராக்ட்ல உன் பேரு இல்லம்மா" என்றான் செக்யூரிட்டி. லாக்கரில் போடவந்த போனோடு அப்படியே திரும்பினேன். என் வேலையைக் காப்பாற்றத்தான் வாய் மூடியிருந்தாய் என்றால், இனி மூடியிருக்கத் தேவையில்லை. உன்னைப் பேச வைத்தது யாரென்று சொல். பெரியம்மாவிடமே சொல்ல வைத்தானா? பக்கத்தில் நின்றானா? அடித்தானா? அடித்தான் என்றால் அதையும் எழுது. நான் உன்னை மன்னிக்க எனக்கு ஏதாவது கொடு.

அன்பரசி


செங்கல்பட்டு
2 மே 2025

அரசி,

நாளை ஜாமீன். வீட்டுக்கு வரவில்லை. தெருவில் நடந்துவர எனக்கு முகம் இல்லை. கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருப்பேன்.

உன் வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன்.

பெரியம்மாவைத் தரையில் படுக்கவேண்டாம் என்று சொல். காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துக்கொள்ளட்டும். வீக்கம் வடியும்.

இனி எழுதாதே.

ஆல்வின்


கருங்குழி
15 ஜூன் 2025

அண்ணா,

இதை சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் உள்ள வெங்கடேசனின் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ இருக்கும் இடம் அதுதான் என்று சாலமோன் மாமா சொன்னார். தெருவில் அத்தனை பேர் எண்ணும் உன்னிடம் இருந்தது. உன் இப்போதைய எண் எங்களில் ஒருவரிடமும் இல்லை.

லைன் வேலையாக அந்தப் பக்கம் போனபோது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வேன் நின்றிருந்ததாம். பையன்கள் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நீ இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தாயாம். கையில் பிளாஸ்டிக் கூடை.

"இன்னாடா ஆல்வினு, இங்க இன்னா பண்ணிகினு கீற?"

"கம்பெனிக்கு ஆளு அனுப்பறேன் மாமா."

"எந்த கம்பெனிக்கு?"

"அப்பறம் பேசறேன் மாமா, பேஜாரு பண்ணாதீங்க."

மாமா வேனுக்குள் எட்டிப் பார்த்து ஒரு பையனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். "ஓமனுக்கு அண்ணாத்த" என்றானாம். வேன் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பியது. மாமா அன்றிரவு சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னாள். "ஏமாத்துனான்னா கூட பொறுத்துக்குவேன், அந்தப் பையன் மூஞ்சிய பாத்துட்டு கதவ சாத்தறான்டி" என்றாராம்.

யாரும் உன்னை அடிக்கவில்லை, இல்லையா? இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. வாய் மூடியிருந்ததற்குக் கூலியாக உனக்குக் கூடையைக் கொடுத்திருக்கிறான். அவன் தோட்டத்தில் அப்பா தென்னை ஏறினார், அவன் ஷெட்டில் பெரியப்பா ஏறினார். வேனில் ஏற்றுகிற வேலைக்கு நீ வந்திருக்கிறாய். நம் குடும்பத்துக்கு முன்னேற்றம்தான்.

நீ செய்த ஏற்பாடும் வந்து சேர்ந்தது. வெங்கடேசன் ஆள் அனுப்பினான். மறுபடியும் வேலை தருகிறானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படாளம் பக்கம் ஒரு நர்சரித் தோட்டத்தில் செடிக்கு மண் நிரப்புகிறேன். கூலி பாதிதான். ஆனால் போன் என் இடுப்பில் இருக்கிறது.

அந்த வேலைக்குப் பெரியம்மா போகிறாள். எனக்கு வந்த இடத்தில், அதே கம்பெனியில், கக்கூஸ் கழுவ. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறாள். கையில் இருந்தது போய்விட்டதே, அவள் வேறு என்ன செய்வாள்? தலையணை வைத்துப் படுக்கச் சொன்னாய், சொன்னேன். "அவனா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பையன்கள் போனில் இருக்கிற ஆட்களை இப்போது கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். வேனில் இரண்டு பெயரை அழிக்கவாவது அவர்களுக்கு நேரம் கொடுத்தாயா?

அன்பரசி


கருங்குழி
10 ஆகஸ்ட் 2025

அண்ணா,

ஜூனில் எழுதினேன், ஜூலையில் எழுதினேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதங்களும் திரும்பி வரவில்லை, அதனால் அவை உன் கைக்கு வந்தன என்று எடுத்துக்கொள்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் பெரியம்மாவின் வாக்குமூலம் எடுக்கிறார்கள். ஸ்டேஷனில் சொன்னதையே அங்கேயும் சொல்வேன் என்கிறாள். யாரோ, எவரோ, பாஷை புரியவில்லை. அதைச் சொல்லிவிட்டால் அவள் பணத்துக்கும் வெங்கடேசனுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். "பைபிள் மேல கை வச்சி பொய் சொல்லுவியா பெரிம்மா?" என்று கேட்டேன். "அவன் புள்ளடி" என்றாள்.

உனக்காக அவள் காலை இழுத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறப்போகிறாள். நீ முதலில் ஏறு. பேசியது நான், பேசச் சொன்னது வெங்கடேசன். இந்த இரண்டு வரிதான். உனக்குத் தண்டனை கிடைக்கும். கிடைக்கட்டும், நான் வாரா வாரம் வந்து பார்க்கிறேன், இந்தத் தடவை கம்பிக்கு முன்னால் வந்து நிற்கிறேன். அம்மாவைக் கூட்டி வருகிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு கோர்ட் வாசலில் நானும் பெரியம்மாவும் நிற்போம். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் வந்து சொல்.

அன்பரசி